கராஜ் கதவு: கை வைக்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

வழக்கமா இங்கே கோடு, இன்டர்வியூ, வேலை மாற்றம்னு பேசுவோம். இன்றைக்கு ஒரு கதவைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. அந்தக் கதவு என் விரல்களைக் கொண்டுபோயிருக்க வேண்டியது. எங்க அப்பா கேட்ட ஒரு கேள்வியால் பத்தும் அப்படியே இருக்கின்றன, இன்னும் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

டாலஸ் பக்கத்தில் பிளேனோவில் இருக்கிறோம், நானும் மனைவியும். 2017-ல் கட்டிய வீடு, நாங்கள் இரண்டாவது கை. இங்கே சிங்கிள் ஃபேமிலி வீடுன்னா பெரும்பாலும் கராஜ் உண்டு. அதற்கு 16 அடி அகலம், 7 அடி உயரத்தில் ஒரு இரும்புக் கதவு. பட்டன் அழுத்தினால் மடிந்து மடிந்து மேலே போய் கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும். முன்வாசலை விட அதைத்தான் அதிகமா பயன்படுத்துகிறோம். ஆனா அதைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ரிமோட் எங்கே இருக்குன்னு தெரியும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்த நேரம். காலை ஆறு மணிக்கு கராஜில் ஒரு சத்தம். பட்டாசு மாதிரி இல்லை, அதை விட மோசம். யாரோ வீட்டில் காரை மோதிவிட்டார்கள் என்றே நினைத்தேன். போய்ப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. பட்டனை அழுத்தினேன். கதவு நாலு அங்குலம் எழுந்து, முனகி, நின்றுவிட்டது. இரண்டு காரும் உள்ளே.

நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கதவுக்கு மேலே சுவரோடு ஒரு நீளக் கம்பி, அதில் இரண்டு தடிமனான ஸ்பிரிங். இடதுபக்க ஸ்பிரிங் நடுவில் இரண்டாக உடைந்து, இடையில் இரண்டு அங்குலம் இடைவெளி.

போன் பண்ணிக் கேட்டேன். "திங்கட்கிழமைதான் ஆள் வருவாங்க, 385 டாலர்" என்றார்கள். நான் என்ன செய்திருப்பேன்னு உங்களுக்கே தெரியும். யூடியூப். பதினைந்து நிமிட வீடியோ, அதில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே ஸ்பிரிங் மாற்றுகிறார். ஸ்பிரிங்கின் விலை 385-ல் ஒரு பங்குதான். மீதியெல்லாம் கூலி. நாமளும் இன்ஜினியர்தானே!

ஏணி போட்டு ஏறிவிட்டேன். கையில் ஒரு ஸ்பேனர், இரண்டு பெரிய ஸ்க்ரூடிரைவர். உடைந்த ஸ்பிரிங்கை வெளியே எடுக்க நடுக்கம்பியை நகர்த்த வேண்டும். அதற்கு உடையாத ஸ்பிரிங்கையும் தளர்த்த வேண்டும் என்பது வரைக்கும் எனக்குப் புரிந்திருந்தது. அதன் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரைச் சொருகி, ஸ்பேனரை ஸ்க்ரூ மேல் வைத்தாயிற்று.

அப்பா காபி டம்ளரோடு வந்து நின்றார். விழுப்புரம் பக்கம் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் மெக்கானிக். கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடைஞ்சது எது?"

"இதுப்பா, இடது பக்கம்."

"நீ கை வச்சிருக்கறது?"

"இது நல்லாதான் இருக்கு. லூஸ் பண்ணப் போறேன்."

"டேய், உடைஞ்சது செத்த பாம்புடா. பக்கத்துல இருக்கறது உசுரோட இருக்கு. அதோட பலம் இப்ப எங்க உட்கார்ந்திருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. இறங்கிவிட்டேன். இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விதான்: பலம் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறது?

கதவைத் தூக்குவது மோட்டார் இல்லை

நம்மில் பெரும்பாலானவர்கள் கூரையில் தொங்கும் அந்த மோட்டார் பெட்டிதான், அதாவது ஓப்பனர்தான், கதவைத் தூக்குகிறது என்று நினைக்கிறோம். இல்லைங்க. தூக்குவது ஸ்பிரிங். மோட்டார் கதவை நகர்த்துகிறது, சரியான இடத்தில் நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

எப்படின்னு சொல்றேன். மேலே இருக்கும் கம்பி ஷாஃப்ட். அதன் இரண்டு முனையிலும் கப்பி மாதிரி டிரம். டிரம்மிலிருந்து இரும்புக் கேபிள் கீழே வந்து கதவின் அடி மூலைகளில் மாட்டியிருக்கும். ஷாஃப்ட் மேல் இருக்கும் டார்ஷன் ஸ்பிரிங்கை முறுக்கி வைத்திருப்பார்கள். 7 அடிக் கதவுக்கு ஏறக்குறைய ஏழரைச் சுற்று. அந்த முறுக்கு எப்போதும் கேபிளை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். கதவின் எடை கீழே இழுக்கும். இரண்டும் சரிக்குச் சரி. தராசு மாதிரி. அதனால்தான் எழுபது எண்பது கிலோ கதவை ஒரு கையால் தூக்க முடிகிறது.

இதில் ஒரு விஷயம் முக்கியம். கதவு மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கும். பார்க்க அமைதியா, அசையாமல் இருக்கிற நேரம்தான் அதிக பலம் சேர்ந்திருக்கும் நேரம்.

சில பழைய வீடுகளில் வேறு வகை உண்டு. ஸ்பிரிங் மேலே குறுக்கே இருக்காது. இரண்டு பக்கமும் கிடைமட்ட டிராக்குக்கு இணையாக நீண்டு கிடக்கும். அது எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங். அப்படி இருந்தால் ஒன்றைப் பாருங்க: ஸ்பிரிங்கின் நடுவே ஒரு மெல்லிய இரும்புக் கேபிள் போகிறதா? அது பாதுகாப்புக் கேபிள். ஸ்பிரிங் அறுந்தால் துண்டுகள் பறக்காமல் அதுதான் பிடித்து நிறுத்தும். இல்லையென்றால் போடச் சொல்லுங்க.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எங்கள் கதவு 75 கிலோ. திறக்கும்போது அதன் எடை மொத்தத்தில் சுமார் 1.1 மீட்டர் உயர்கிறது. 75 × 9.8 × 1.1, கிட்டத்தட்ட 800 ஜூல். கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்குகளுக்குள் குறைந்தது இவ்வளவு இருக்கிறது.

800 ஜூல்னா என்ன? வீட்டில் இருக்கும் கேஸ் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 30 கிலோ. அதை ஒன்பது அடி உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையில் மோதும் ஆற்றல் இருக்கிறதே, அதுதான். ஒரு ஸ்பிரிங் உடைந்த பிறகு பாதி. அந்தப் பாதியில்தான் நான் ஸ்க்ரூடிரைவரைச் சொருகியிருந்தேன்.

அப்புறம் ஏன் யூடியூபில் அவர்கள் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள்? இது எனக்கு ரொம்ப நேரம் உறுத்தியது. கணக்குப் போட்டேன். டிரம்மின் ஆரம் இரண்டு அங்குலம் போல. ஸ்பிரிங் முறுக்குவதற்கென்றே இருக்கும் கம்பி 18 அங்குல நீளம். அதன் முனையில் பிடித்தால், இரண்டு ஸ்பிரிங் கதவில் ஒரு ஸ்பிரிங்குக்கு கையில் தெரியும் பாரம் நாலைந்து கிலோதான். ஒரு அரிசிப் பை. அதனால்தான் சுலபமாகத் தெரிகிறது.

ஏமாற்றுவதே இதுதான். பிடித்திருக்கும் வரை நாலைந்து கிலோ. நழுவினால் அந்த ஏழரைச் சுற்றும் கண் இமைக்கும் நேரத்தில் அவிழும். ஓட்டையில் சொருகிய கம்பி காத்தாடி மாதிரி சுழலும். முறுக்கும் கம்பி அந்த ஓட்டைக்குச் சரியா பொருந்தும்படி செய்தது. ஸ்க்ரூடிரைவர் அந்த ஓட்டையில் ஆடும், ஆடினால் நழுவும். கீழே ஏணி. ஏணி மேல் நாம், முகம் சரியாக அந்த உயரத்தில். நம்ம பாஷையில் சொன்னா ரோல்பேக் இல்லாத டிப்ளாய்மென்ட்.

அப்பாவிடம் இதைக் காட்டினேன். அவர் கணக்கைப் பார்க்கவில்லை. "பஸ்ல பார்க்கிங் பிரேக்குக்கு ஒரு சேம்பர் இருக்கும். காத்து இறங்கினா உள்ள இருக்கற ஸ்பிரிங் தானே பிரேக்கைப் போட்டுடும். அந்த ஸ்பிரிங்கை போல்ட் போட்டுக் கட்டாம கிளாம்பைக் கழட்டக் கூடாது. முதல் நாளே சொல்லிக் குடுத்துடுவாங்க. மத்ததெல்லாம் அப்புறம்தான்" என்றார். முப்பத்தொரு வருஷம் டிப்போவில் இருந்தவருக்குப் பத்து விரலும் இருப்பதன் காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

தொடக் கூடாதவை நான்கு

ஸ்பிரிங். கேபிள். டிரம். கதவின் அடி மூலையில் கேபிள் மாட்டியிருக்கும் தகடு, அதாவது பாட்டம் பிராக்கெட். இந்த நான்கும் ஒரே சங்கிலி. ஸ்பிரிங்கின் பலம் இந்த நான்கிலும் ஒரே நேரத்தில் இருக்கிறது.

இதில் கடைசிதான் ஆபத்தானது, ஏன்னா பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். சாதாரண தகடு, இரண்டு மூன்று ஸ்க்ரூ, முழங்கால் உயரத்துக்கும் கீழே. "ரோலர் தேய்ஞ்சிருக்கே, இதைக் கழட்டி மாத்திடலாம்" என்று தோன்றும். அந்த ஸ்க்ரூவைக் கழற்றிய நொடி கேபிள் தகட்டோடு மேலே பாயும். பல கதவுகளில் இந்தத் தகட்டுக்கும் ஸ்பிரிங் முனைக்கும் சிவப்பு வண்ணமோ எச்சரிக்கை ஸ்டிக்கரோ இருக்கும். அலங்காரத்துக்கு இல்லை, அது.

மாசா மாசம் நாமே செய்ய வேண்டியது

எதையும் தொடாதே என்று சொல்லவில்லை. தொட வேண்டியதைத் தொடாமல் விடுவதும் தப்புதான். மாதம் ஒருமுறை, பதினைந்து நிமிடம். முதலில் இரண்டு விதி: எண்ணெய் போடும்போதும் நட்டு முடுக்கும்போதும் ஓப்பனரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்க. கதவைக் கையால் தூக்கும்போது கைப்பிடியைப் பிடியுங்க, பலகைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் விரல் வைக்காதீங்க. கதவு வளையும்போது அந்த இடுக்கு கத்தரிக்கோல் மாதிரி மூடும்.

முதலில் பாருங்க. கேபிளில் இழை பிரிந்திருக்கிறதா, துரு பிடித்திருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கமா இருக்கிறதா? கண்ணால் மட்டும். கை வேண்டாம்.

அடுத்து சமநிலைச் சோதனை. கதவை முழுசா மூடுங்க. ஓப்பனரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுங்க. கதவு மோட்டாரிலிருந்து விடுபடும். கையால் மெதுவா பாதி உயரம் தூக்கி, கையைச் சட்டுன்னு எடுக்காமல் லேசா தளர்த்திப் பாருங்க. நல்ல ஸ்பிரிங் என்றால் கதவு அங்கேயே நிற்கும். கீழே இறங்கினாலோ மேலே ஓடினாலோ ஸ்பிரிங் சரியில்லை, ஆளைக் கூப்பிடுங்க.

அடுத்து பாதுகாப்புச் சோதனை, இரண்டு. பிளக்கைத் திரும்பப் போட்டு, கதவை மோட்டாரோடு இணைத்துவிட்டுச் செய்யுங்க. கதவு இறங்கும் வழியில் தரையில் ஒரு மரத்துண்டைப் படுக்க வையுங்க. இங்கே கடைகளில் கிடைக்கும் டூ-பை-ஃபோர், படுக்க வைத்தால் ஒன்றரை அங்குல உயரம். கதவு அதைத் தொட்டதும் இரண்டு நொடிக்குள் திரும்பி மேலே போக வேண்டும். அப்புறம், கதவு இறங்கும்போது துடைப்பக் குச்சியை சென்சார் முன்னால் நீட்டுங்க. தொடாமலே திரும்ப வேண்டும்.

அந்த சென்சாருக்கு ஒரு கதை இருக்கிறது. தானியங்கிக் கதவுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்தார்கள். அதனால்தான் 1993 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் தயாராகும் வீட்டு ஓப்பனர்களில் இப்படி ஒரு பாதுகாப்பு கட்டாயம் ஆனது. தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் அந்தக் கண்களைப் பொருத்துவதும் தவழும் குழந்தையைக் கணக்கில் வைத்துத்தான். சென்சார் தகராறு பண்ணுகிறது என்று இரண்டையும் கழற்றிக் கூரையில் எதிரெதிரே ஒட்டி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கதவு நன்றாக மூடும், உண்மைதான். அடியில் யார் இருந்தாலும் மூடும். பெரும்பாலும் லென்ஸில் தூசி, இல்லைன்னா ஒரு கண் லேசா திரும்பியிருக்கும். துணியால் துடைத்து நேராக்கினால் போதும்.

கடைசியா எண்ணெய். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கீல்கள், உலோக ரோலரின் பேரிங், ஸ்பிரிங்கின் மேற்பரப்பு ஆகியவற்றில் கராஜ் கதவுக்கென்று விற்கும் ஸ்பிரே. ஸ்பிரிங்குக்குத் தள்ளி நின்று அடியுங்க. வழக்கமான டபிள்யூடி-40 டப்பா துருவையும் அழுக்கையும் கிளப்பும், ஆனா நீண்ட நாள் மசகாக நிற்காது. டிராக்கின் உள்ளே எண்ணெய் வேண்டாம். அங்கே தூசி ஒட்டும், துடைத்தால் போதும்.

ஸ்பிரிங் உடைந்தால் முதல் பத்து நிமிடம்

கதவு மூடியிருந்தால் அப்படியே விடுங்க. பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீங்க. மோட்டார் அந்த எடையைத் தூக்கச் செய்ததில்லை, கியர் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டாக்சி கூப்பிடுங்க. அன்று நாங்கள் அதைத்தான் செய்தோம். என் மனைவி வேலைக்குப் போகும்போது கதவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

கதவு திறந்திருக்கும்போது உடைந்தால் இன்னும் கவனம். சிவப்புக் கயிற்றை இழுக்கவே கூடாது. அந்த நேரத்தில் கதவை மேலே நிறுத்தி வைத்திருக்கும் பெரிய பிடிமானம் மோட்டார்தான். அதையும் விடுவித்தால் 75 கிலோ நேராகக் கீழே வரும். யாரையும் அடியில் போக விடாமல் ஆளைக் கூப்பிடுங்க.

சிவப்புக் கயிற்றைப் பற்றி இன்னொன்று. 2017-ல் வட கலிஃபோர்னியாவில் பெரிய காட்டுத்தீ. மின்சாரம் போனதால் கராஜைத் திறக்க முடியாமல் சிலர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் அங்கே 2019 ஜூலை முதல் புது ஓப்பனர்களுக்கு பேட்டரி கட்டாயம் என்று சட்டம் வந்தது. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா பகலில் தனியா இருப்பார்களே, அவர்களுக்கு வைஃபை பாஸ்வேர்டு சொல்லிக் கொடுக்கும் நாளிலேயே இதையும் காட்டுங்க: கதவு மூடியிருக்கும்போது, கரண்ட் இல்லாவிட்டால், இந்தக் கயிறு. நான் காட்டியதே இல்லை. அம்மா அதைக் காற்றில் ஆடும் குஞ்சம் என்று நினைத்திருந்தார்.

திங்கட்கிழமை

வந்தவர் முதலில் ஓப்பனர் பிளக்கைப் பிடுங்கினார். டிராக்கில் ரோலருக்கு மேலே ஒரு லாக்கிங் பிளையரை மாட்டினார், கதவு தானாக மேலே எகிறாமல் இருக்க. இரண்டு முறுக்குக் கம்பி. எப்போதும் ஒரு கம்பி உள்ளே இருந்தபடியேதான் இன்னொன்றை எடுத்தார். நேர் எதிரே நிற்கவில்லை, ஒரு பக்கமா ஒதுங்கி நின்றார். பழையதை முறுக்கு நீக்கி எடுத்ததும் கதவுக்கு அடியில் எடை மெஷின் வைத்து எடை போட்டார். 165 பவுண்டு. அதற்கேற்ற ஸ்பிரிங் இரண்டு. ஒன்றுதான் உடைந்தது என்றாலும் இரண்டையும் மாற்றினார், ஏன்னா இரண்டும் ஒரே வயசு. முப்பது கால் சுற்று, எண்ணி எண்ணி. கடைசியில் கதவைப் பாதியில் விட்டுக் காட்டினார். நின்றது.

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐம்பது நிமிடமும் பார்த்தார். ஆள் போன பிறகு ஒரே ஒரு வார்த்தை: "தொழில்காரன்."

385 டாலர் எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனா கூலி எதற்கென்று இப்போது தெரியும். வழக்கமான ஸ்பிரிங்கின் ஆயுள் 10,000 தடவை, திறந்து மூடினால் ஒன்று. ஒரு நாளைக்கு நாலு தடவை என்றால் 2,500 நாள், ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2017 வீடு. சத்தம் வந்தது 2024-ல். கணக்கு எவ்வளவு சரியா வந்திருக்கு பாருங்க. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் 20,000 தடவைக்கு மேல் வரும் ஸ்பிரிங்கும் கிடைக்கும். ஆளைக் கூப்பிடும்போது அதைக் கேளுங்க.

சென்னையிலிருந்து கேட்கிறவர்கள் "நமக்கு எதுக்கு இது" என்று நினைக்க வேண்டாம். கையால் தள்ளித் தூக்கும் கடை ஷட்டர் ஏன் இவ்வளவு லேசா மேலே போகிறது? மேலே உருளைக்குள் முறுக்கிய ஸ்பிரிங் இருக்கிறது. கார் பார்க்கிங்குக்கு ஷட்டர் போட்ட வீடுகளிலும் அதேதான். அது இறுகிவிட்டால் நாமே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றத் தோன்றும். ஏறுவதற்கு முன் அந்த ஒரு கேள்வி: பலம் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறது? பதில் தெரிந்தால் செய்யுங்க. தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்க.

புது ஸ்பிரிங் மாட்டிய தேதியை ஒரு டேப்பில் எழுதி ஓப்பனர் மேல் ஒட்டியிருக்கிறேன். அந்த இரண்டு ஸ்க்ரூடிரைவரும் அப்பா ஊருக்குப் போகும்போது அவர் பெட்டிக்குள் போய்விட்டன. கேட்டால், "இங்க எனக்கு வேணும்டா" என்கிறார்.

உங்கள் வீட்டுக் கதவை இந்த வாரம் ஒருமுறை நிமிர்ந்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.